மல்லி போடாத கோப்பி

கோப்பிப் பழத்தைத் தோலுரித்துக் காயவைக்கிற வேலை மூன்றாவது தடவையில்தான் சரிவந்தது. முதலில் போட்ட 8 கிலோ பழம் வெட்டுப்பட்டு வீணாகியது. அடுத்த 11½ கிலோ புளித்துப் பூஞ்சணம் பிடித்தது. மூன்றாவதாக 32 கிலோ. அதில் 6 கிலோ கொட்டை கிடைத்து, வறுத்த பிறகு 5 கிலோவாக நின்றது. போன கிழமை அந்தத் தூளில் முதல் பேணி ஊற்றின கையோடு இதை எழுதத் தொடங்கினேன், அளவுகள் மறந்துபோக முன்.

எங்கள் வளவு நெடுங்கேணிப் பக்கம். வன்னியில் கோப்பித் தோட்டமா என்று கேட்காத ஆளில்லை. கேள்வி நியாயமானதுதான். மழை காணாது, சூடு கூட. மலையில் நிற்கிற அரபிக்கா இனம் இங்கே ஒரு கோடையைத் தாண்டாது. எங்களிடம் இருப்பது சூடு தாங்குகிற ரொபஸ்டா இனம். அதுவும் பலாவுக்கும் சீமைக்கிளுவைக்கும் கீழே, ஆடி ஆவணியில் 10 நாளுக்கு ஒருக்கால் கிணற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறது. தாத்தா 1977 கலவரத்தோடு மாத்தளையிலிருந்து இறங்கி வந்தபோது, சாரத் துண்டில் முடிந்து கொண்டுவந்த விதையில் முளைத்தவை. அவருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. அவருடைய பாட்டன்மார் இராமநாதபுரத்திலிருந்து தோணியில் மன்னாருக்கு வந்து, இந்த வன்னிக் காட்டுக்குள்ளால் நடந்துதான் மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிய, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. "கோப்பிக்காகக் கடந்துபோன காட்டுக்கே கோப்பியைக் கொண்டுவந்து ஊன்றியாச்சு" என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார்.

2008இல் இடம்பெயர்ந்து, முகாமெல்லாம் பார்த்து, 2011இல் திரும்பி வந்தபோது மரங்கள் 15, 18 அடிக்கு ஓடிப் பற்றைக்குள் நின்றன. கண்ணிவெடி எடுத்து முடிந்த கையோடு அப்பா எல்லாவற்றையும் முழங்கால் உயரத்தில் வெட்டினார். வெட்டினது சரி, வெட்டின மாதம்தான் பிழை. ஆனியில் வெட்டினார். சோளகக் காற்றும் வெயிலும் அடித்து அடிக்கட்டைகளின் பட்டை வெடித்தது. 61 கட்டையில் 15 செத்துவிட்டன. மாசியில், ஈரம் இருக்கும்போதே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணியும் களியும் பூசி, வருகிற தளிரில் இரண்டை மட்டும் விட்டால் போதும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மிச்சம் 46. அப்பா போன பிறகு அவை என் பொறுப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்திரைச் சிறுமழைக்குப் பூத்தது மார்கழிக் கடைசியில் பழுக்கத் தொடங்கி மாசி வரை போகும். அம்மம்மா காலம் தொட்டு எங்கள் வீட்டில் பழத்தைத் தோலோடுதான் காயப்போடுவது. சாணி மெழுகின முற்றம், ஓலைப்பாய். நல்ல வெயிலிலேயே அதற்கு மூன்று, நாலு கிழமை வேண்டும். இங்கே அந்த நேரம் மாரியின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். மழை விட்டால் பனி. காலையில் பாயைத் தொட்டால் பிழியலாம் போல் இருக்கும். பழம் கறுத்து, ஒட்டி, ஒரு மண்வாசம் வந்துவிடும். அதைக் கருக வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் சேர்த்து இடிப்பார்கள். நான் 40 வருஷமாக அந்த மண்வாசத்தைக் கோப்பியின் வாசம் என்றே நம்பியிருந்தேன். அது பூஞ்சணத்தின் வாசம்.

தோலை உரித்து, வழுவழுப்பைக் கழுவி, கொட்டையை மூடியிருக்கிற மெல்லிய ஓட்டோடு மட்டும் காயப்போட்டால் 10, 12 நாளில் காய்ந்துவிடும். மலைத் தோட்டங்களில் அந்தக் காலத்திலேயே செய்த வேலைதான். அதற்குப் பழத்தை உடைக்காமல் தோலுரிக்கிற மெஷின் வேண்டும். விலைக்கு வாங்க 46 மரம் தாங்காது. செய்வதென்று முடிவெடுத்தேன்.

உருளைக்கு 6 அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப்பில் 20 சென்டிமீட்டர் துண்டு. கிணற்று வேலையில் மிஞ்சியது. இரண்டு பக்கமும் முதிரைப் பலகையை வட்டமாக அறுத்து இறுக்கி அடைத்து, நடுவால் 16 மி.மீ. கம்பி. இரண்டு பெயாரிங். கைபிடிக்குப் பழைய சைக்கிளின் பெடல் தண்டு, பெடலோடு சேர்த்து. இது கைக்கு எவ்வளவு சுகம் என்று சுற்றிப் பார்த்தால்தான் தெரியும், பெடல் தானாக உருளுவதால் உள்ளங்கை கொப்பளிக்காது. உருளைக்கு எதிரே வளைவாகச் செதுக்கின முதிரைப் பலகை. மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே ஒடுங்கிப் போகிற இடைவெளி. பலகையை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளி இறுக்க இரண்டு பக்கமும் நீட்டுத் துளையில் போல்ட்.

பிழை விட்டது உருளையின் மேல்தோலில். தேங்காய் துருவி மாதிரி இருந்தால் பழத்தைப் பிடித்து இழுக்கும் என்று நினைத்து, அலுமினியத் தகட்டில் 3 அங்குல ஆணியால் உள்ளிருந்து குத்தித் துளைபோட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுற்றினால் தோலும் பிய்கிறது, கொட்டையும் பிய்கிறது. துளையின் விளிம்பு சவரக்கத்தி மாதிரி. 8 கிலோவில் பாதிக்கு மேல் கொட்டைகளில் வெட்டு. வெட்டுப்பட்ட கொட்டை ஊறும்போது கறுத்துப் புளித்துவிடும், காயவைத்துப் பிரயோசனமில்லை. எல்லாம் எருக்கிடங்குக்குப் போனது. வெல்டிங் கடை அண்ணை வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உது கோப்பி உரிக்கிறதோ, மரவள்ளி சீவுறதோ?" என்றார்.

அவர்தான் வழியும் சொன்னார். குத்தாதே, குமிழ் எழுப்பு. கறள் பிடிக்காத ஸ்டீல் தகடு அரை மி.மீ. தடிப்பில் ஒரு வெட்டுத்துண்டு தந்தார். 8 மி.மீ. போல்ட்டின் நுனியைக் கிரைண்டரில் பிடித்து மொட்டையாக உருட்டிக்கொண்டோம். தகட்டின் கீழே வேம்புக் குற்றியை நிமிர்த்தி வைத்து, அறுத்த முகத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, அந்தக் குழிக்கு மேல் போல்ட்டை வைத்து ஒரே அடி. 2 மி.மீ. உயரத்தில் உருண்டைக் குமிழ் எழும்பும், தகடு கிழியாது. 12 மி.மீ.க்கு ஒன்று, வரிசைக்கு வரிசை விலத்தி. 650க்குக் கிட்ட அடித்தேன், இரண்டு பின்னேரம் போனது. தகடு குமிழ் அடிக்க அடிக்கச் சுருண்டு வளையும் என்பதை முதலே நினைக்கவில்லை. நீளம் 1 சென்டிமீட்டர் குறைந்துபோய், உருளையைச் சுற்றின இடத்தில் ஒரு வெளி விழுந்தது. அதை ஒரு பட்டைத் தகட்டால் மூடி ரிவெட் அடித்தேன். அடுத்த தடவை தகட்டை 3 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிக்கொண்டுதான் தொடங்குவேன்.

இடைவெளி பார்க்க அளவுகோல் உள்ளே போகாது. ட்ரில் பிற்றுகளின் பின்தண்டை விட்டுப் பார்த்தேன். 4 மி.மீ. தண்டு இறுக்கமாகப் போகிற அளவில் வைத்தால் கொட்டை நசிந்தது. 7இல் சின்னப் பழமெல்லாம் சிரித்துக்கொண்டு முழுசாக இறங்கியது. 5½இல் நின்றேன். 100 பழம் எண்ணிப் போட்டதில் 9 உரியவில்லை, 3 கொட்டை வெட்டுப்பட்டது. அந்த 9ஐயும் பிறகு கையால் பிதுக்கலாம். பேராசைப்பட்டு 5க்கு இறக்கினால் வெட்டு 3இலிருந்து 11க்கு ஏறியது, திரும்ப 5½க்கே வந்தேன். தண்ணீர் ஒரு நூலாகப் பழத்தோடு ஓடவேண்டும், இல்லாவிட்டால் தோல் குமிழ்களுக்குள் அப்பிவிடும். மின் ட்ரில்லை மாட்டியும் ஒருக்கால் சுற்றிப் பார்த்தேன், மகன் ஆசைப்பட்டான் என்று. பழம் கூரை வரை பறந்தது. கையால் சுற்றினால் கிலோவுக்கு 2 நிமிஷம். போதும்.

மெஷின் சரிவந்த புளுகத்தில் இரண்டாவது தொகுதியைக் கெடுத்தேன். உரித்த கொட்டையில் ஒரு பசை இருக்கும், சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அது ஊறிக் கழன்ற பிறகுதான் கழுவவேண்டும். 12 மணித்தியாலம் போதும் என்று எங்கோ கேட்டது மனதில் இருந்தது. நான் 18 விட்டேன், தாராளம் என்று நினைத்து. ஆனால் ரொபஸ்டாவின் பசை தடிப்பு, இலேசில் விடாது. கழுவும்போதே கையில் வழுக்கியது, இருந்தாலும் வெயில் வந்துவிட்டதே என்ற அவசரத்தில் பரப்பிவிட்டேன். பரப்பினதோ பழைய நுளம்புவலையில். நாலு தடியில் கட்டின வலை பாரம் தாங்காமல் ஏணை மாதிரி நடுவில் தொய்ந்து, எல்லாக் கொட்டையும் அங்கே உருண்டு குவிந்தது. மேலே காய்ந்தது, அடியில் வெந்தது. மூன்றாம் நாள் அள்ளினால் கட்டியாக வந்தது, பழைய கள்ளு முட்டி மணம்.

மூன்றாவது தொகுதிக்கு மனிசியும் நானும் மூன்று காலை தொடர்ந்து பறித்தோம். பறிக்கும்போதே நல்ல சிவப்பை மட்டும். இதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. ரொபஸ்டா குலையில் ஒன்று சிவந்தால் பக்கத்தில் இரண்டு பச்சையாக நிற்கும். உருவினால் 5 நிமிஷம், தெரிந்தெடுத்தால் அரை மணி. மரநாயும் சிவப்பைத்தான் தெரிந்தெடுக்கும், எங்களுக்கு முதலே. அது கழித்த கொட்டையை வெளிநாட்டில் பெரிய விலைக்கு வாங்குகிறார்களாம். எங்கள் வளவில் அதைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளுவதுதான் வழக்கம். பறித்ததைத் தண்ணீரில் கொட்டி மிதந்ததை அள்ளி எறிந்தேன். நுனியில் குண்டூசித் துளை இருந்தால் உள்ளே வண்டு. 36 கிலோ 32 ஆனது.

ஒவ்வொரு நாளும் பறித்ததை அன்றைக்கே உரித்து, வேறுவேறு வாளியில் ஊறவைத்தேன். தண்ணீர் கொட்டைக்கு மேல் இரண்டு விரல் நிற்கவேண்டும். மறுநாள் காலை தண்ணீரை மாற்றினேன். மணிக்கூட்டை நம்பாமல் கையை நம்பினேன். ஒரு பிடி அள்ளிப் பொத்தித் தேய்த்தால் வழுக்காமல் பருமணல் மாதிரிக் கரகரக்க வேண்டும். தடியை நட்டு இழுத்தால் துளை மூடாமல் நிற்கவேண்டும். இது நடக்க 36 மணித்தியாலம் எடுத்தது, மூன்றாம் நாள் வாளிக்கு 40. இரவில் குளிர் கூடினதால் இருக்கலாம். பிறகு வாளிக்குள் இறங்கி மிதித்துக் கழுவினேன். மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீரில் கலங்கல் இல்லை. ஈரக் கொட்டை நிறுத்துப் பார்த்தேன், 14½ கிலோ.

காயவைக்கிற தட்டை இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். பனஞ்சலாகையில் சட்டம், 8 அடிக்கு 3 அடி, இடுப்பு உயரம். பிளாஸ்டிக் வலையை இழுத்து ஆணியடித்து, அடியில் 2 அடிக்கு ஒரு குறுக்குச் சலாகை. தொய்வில்லை. கொட்டை இரண்டு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்பி, முதல் இரண்டு நாள் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கிண்டினோம். பின்னேரம் 4 மணிக்கே தறப்பாள். பனி இறங்கின பிறகு மூடினால் பனியையும் சேர்த்து மூடுகிறோம். தறப்பாள் கொட்டையில் படாமல் நடுவில் ஒரு முகட்டுத் தடி. உச்சி வெயிலில் கிடுகு ஒன்றை மேலே போட்டேன், ஓடு அவசரமாகக் காய்ந்து வெடிக்காமல் இருக்க.

ஈரம் பார்க்கிற கருவி என்னிடம் இல்லை. சரியாக 1,000 கிராம் ஈரக் கொட்டையை ஒரு சின்ன வலைப்பையில் கட்டி, தட்டிலேயே மற்றவற்றோடு போட்டு, ஒவ்வொரு பின்னேரமும் சமையல் தராசில் நிறுத்தேன். மூன்றாம் நாள் 760. ஆறாம் நாள் 610. ஒன்பதாம் நாள் 535. பன்னிரண்டாம் நாள் 510, பதின்மூன்றாம் நாள் 508. அதற்குப் பிறகு ஒருநாள் முழுக்க வெயில் காட்டியும் அசையவில்லை. பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தால் பல் பதியாமல் டக்கென்று வெடித்தது. அன்றைக்கே அள்ளிச் சாக்கில் கட்டினேன். மொத்தம் 7 கிலோ 400 கிராம்.

ஓடு உடைப்பது உரலில்தான். இதில் அம்மா ராணி. நான் உரலை நிரப்பி, நெல்லுக் குத்துகிற மாதிரிக் குத்தி, முதல் அரைக் கிலோவைக் குறுணலாக்கினேன். அம்மா உலக்கையின் பூண் முனையில் சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டி, உரலில் கால்வாசி மட்டும் போட்டு, உலக்கையைத் தூக்காமல் அரக்கி அரக்கிக் குத்தினா. ஓடு தனியே உதிர்ந்தது. சுளகில் இரண்டு புடைப்பு, ஓடு பறந்துவிட்டது. என் குறுணலைக் கழிக்காமல் சேர்த்துத்தான் 6 கிலோ. சாம்பல் பச்சை நிறம். மூக்கில் வைத்தால் பயற்றம்பருப்பு மணம் மாதிரி ஒன்று, மண்வாசம் துளியும் இல்லை.

வறுத்தது தாச்சியில், அரைக் கிலோ அரைக் கிலோவாக. முதல் தாச்சிக்குச் சிரட்டை நெருப்பு வைத்தேன், அது பாய்ந்து எரிந்து வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக்கியது. பிறகு பாலை விறகு, ஒரே சீர். அகப்பை நிற்கக் கூடாது. 11 நிமிஷத்தில் சோளம் பொரிகிற மாதிரிப் படபடத்தது. சத்தம் அடங்கி இன்னொரு இரண்டு நிமிஷம் விட்டு, சுளகில் கொட்டி மட்டையால் வீசினேன். அம்மா பக்கத்தில் நின்று, "இன்னும் கறுக்கேல்லையே, இறக்கிறாய்" என்று மூன்று தரம் சொன்னா.

செலவு: ஸ்டீல் தகடு 2,200, பெயாரிங் இரண்டும் 1,400, கம்பியும் போல்ட்டும் 1,150, வெல்டிங் கூலி 3,500, வலை 1,350, வாளிகள் 1,800, எறிந்த அலுமினியத் தகடு 900. மொத்தம் 12,300 ரூபாய். எங்கள் நேரத்துக்குக் கணக்கில்லை, போட்டால் அழுகை வரும். 3 கிலோ தூளைக் கிலோ 4,000படி வவுனியாவில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். 12,000. முன்னூறு ரூபாய் நட்டம், மெஷின் மிச்சம்.

மெஷினில் மாற்றவேண்டியது இரண்டு. உருளைக்குக் கீழே ஒரு சரிவுச் சல்லடை வைத்தால் தோலும் கொட்டையும் ஓரளவு பிரிந்து விழும், இப்போது எல்லாம் ஒரே வாளியில் விழுந்து கையால் பொறுக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பொறுக்கல்தான் உரிப்பதைவிட நேரம் தின்றது. மற்றது, பலகையைப் பிடிக்கிற போல்ட் ஒவ்வொரு 5 கிலோவுக்கும் இளகியது, பூட்டு நட்டு போடவேண்டும். தோலை இந்த முறை கிடங்கில் கொட்டிவிட்டேன். அடுத்த முறை எருவோடு அடுக்கி மக்கவைத்து மரத்துக்கே திருப்பிப் போடுவேன். பின்வரிசையில் 9 மரம் கிழடு தட்டிவிட்டது, அவற்றை மழை ஈரம் காய முன் வெட்டியாகிவிட்டது, சாணியும் பூசியாகிவிட்டது.

முதல் பேணியை அம்மாவுக்குத்தான் கொடுத்தேன். மல்லி இல்லை, வேர்க்கொம்பு இல்லை, சீனி மட்டும். மெல்லமாகக் குடித்து முடித்து, பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கோப்பி மணம் இல்லையே" என்றா.

நேற்று அடுப்படிக் கூரைத் தகரத்துக்கு ஓட்டை பார்க்க ஏறினேன். புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஒரு கடகம், சாக்கால் மூடியிருந்தது. திறந்தால் தோலோடு காய்ந்த கோப்பி, கறுத்து, ஒட்டி, 3 கிலோ இருக்கும். நான் மிதக்கிறதென்று எறிந்ததும், உரியாமல் மிஞ்சினதும், பச்சை என்று விட்டதுமாக அம்மா பொறுக்கிச் சேர்த்தது. மூடிவிட்டு இறங்கி வந்தேன். பின்னேரம் அவ மனிசியிடம் மல்லி எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தா.